அறுபது: எது உறவு, எது வெறும் பெயர் ஒற்றுமை?

கடிகாரத்தில் விநாடி ஓடும் இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 57, 58, 59, அப்புறம் 00. மொத்த ஆட்டமும் அறுபதை வைத்துத்தான் நடக்கிறது, ஆனால் அறுபது மட்டும் தலை காட்டாது.

இந்த எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒரு பட்டியலை நீட்டுவார்கள். நிமிடத்துக்கு 60 விநாடி, மணிக்கு 60 நிமிடம், சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை, தமிழ் ஆண்டுகள் 60, சீன ஆண்டுச் சக்கரம் 60, அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அதிர்வு), பந்து வடிவக் கார்பனில் 60 அணு, புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கோபால்ட்-60. பட்டியல் முடிந்ததும், "இதில் ஏதோ ரகசியம் இருக்கிறது பார்த்தீர்களா" என்று ஒரு முத்தாய்ப்பு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை. இந்த அறுபதுகளில் சில ஒரே வீட்டுப் பிள்ளைகள், சில தூரத்துச் சொந்தம், சிலவற்றுக்கு ஒன்றுக்கொன்று முகமே தெரியாது. யார் யாருக்கு என்ன உறவு என்று பிரித்துப் பார்த்தால், ரகசியத்தைவிடச் சுவாரசியமான கதை கிடைக்கிறது.

முதலில் எண்ணின் சொந்தக் குணம். அறுபதை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று பன்னிரண்டு எண்களால் மிச்சமில்லாமல் வகுக்கலாம். நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் நூறுக்கு ஒன்பதுதான், அதிலும் மூன்றால் வகுத்தால் 33.333 என்று வால் நீண்டுகொண்டே போகும். ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அறுபது. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று எல்லாமே முழு எண்ணாக வந்து நிற்கும். தசம பின்னம் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் பங்கு பிரித்துப் பிழைத்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். எடைக்கல்லில்கூடப் பழைய மெசப்பொட்டேமியாக்காரர்கள் (பாபிலோன் நகரம் இருந்த, இன்றைய ஈராக் பகுதி மக்கள்) இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: 60 ஷெக்கல் ஒரு மினா, 60 மினா ஒரு டேலண்ட்.

அவர்கள் எண் எழுதியதும் அப்படித்தான். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தி எழுதும் ஆப்பெழுத்து அது. நிமிர்ந்த ஆப்பு ஒன்று என்றால் 1, சாய்ந்த மூலைக் குறி என்றால் 10. இந்த இரண்டையும் வைத்து 59 வரை எழுதிவிடலாம். அடுத்து அறுபது வந்தால் மறுபடியும் அதே நிமிர்ந்த ஆப்பு, ஆனால் ஓர் இடம் தள்ளி. நாம் பத்துக்குச் செய்வதை அவர்கள் அறுபதுக்குச் செய்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு வில்லங்கம்: பூச்சியம் கிடையாது. ஆகவே தனியாக ஓர் ஆப்பைப் பார்த்தால் அது 1-ஆ, 60-ஆ, 3600-ஆ என்று சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வெற்றிடத்தைக் காட்ட ஒரு குறி புழக்கத்துக்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு களிமண் வில்லை இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்டமான வில்லை, வயது ஏறக்குறைய 3700 ஆண்டு, பட்டியல் எண் ஒய்பிசி 7289. அதில் ஒரு சதுரமும் இரண்டு மூலைவிட்டங்களும் கீறப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் மேல் 30 என்று எழுதியிருக்கிறது. மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்று நான்கு எண்கள். அறுபதின் முறையில் இதைப் படித்தால் 1 + 24/60 + 51/3600 + 10/216000. கூட்டிப் பாருங்கள், 1.414213 வரும், அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு இந்த எண்ணை வைத்து மூலைவிட்டம் கணக்கிட்டால் பிழை ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. அதற்குக் கீழே 42, 25, 35 என்று விடையும் இருக்கிறது, 30-ஐ அந்த எண்ணால் பெருக்கினால் வருவது. பைதகோரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னால், யாரோ ஒருவர் (மாணவராகக்கூட இருக்கலாம், வீட்டுப்பாடம் மாதிரிதான் தெரிகிறது) இதைச் செய்திருக்கிறார்.

இந்த முறைக்கு முரண்டு பிடித்த முதல் எண் ஏழு. ஒன்றை ஏழால் வகுத்தால் அறுபதின் முறையிலும் 8, 34, 17, 8, 34, 17 என்று முடிவே இல்லாமல் சுற்றும். ஒவ்வோர் எண்ணாலும் வகுத்தால் என்ன வரும் என்று காட்டும் பாபிலோனிய வாய்பாட்டுப் பலகைகளில் ஆறுக்கு அப்புறம் எட்டுக்குத் தாவிவிடுவார்கள், ஏழு பக்கம் போவதே இல்லை. இன்றைக்கும் மணி, நிமிடம், விநாடி எல்லாம் அழகாகப் பிரிகின்றன, வாரம் மட்டும் எதிலும் சேராமல் தனியாக நிற்கிறது. பாவம், ஏழு.

பாபிலோன் அழிந்த பிறகும் கணக்கு அழியவில்லை. கிரேக்க வானியலாளர்கள், குறிப்பாக கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, வட்டத்தை 360 பாகையாகவும் பாகையை அறுபதாகவும் அந்தப் பங்கை மறுபடி அறுபதாகவும் வெட்டினார்கள். 360-ம் அறுபதின் ஆறு மடங்குதான். வட்டத்தின் ஆரத்தை எடுத்து அதன் விளிம்பிலேயே நாணாக வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறு முறையில் சுற்றி வந்துவிடும், ஒவ்வொன்றும் 60 பாகை. காம்பஸ் வைத்து அறுகோணம் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. லத்தீனில் அந்த முதல் வெட்டுக்கு 'முதல் சிறுகூறு', இரண்டாம் வெட்டுக்கு 'இரண்டாம் சிறுகூறு' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அந்த 'சிறு' என்ற சொல்தான் மினிட் ஆனது, 'இரண்டாம்' என்ற சொல்தான் செகண்ட் ஆனது. ஆக, விநாடிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரின் பொருள் வெறும் 'இரண்டாவது' என்பதுதான்!

நம்முடைய 'விநாடி'க்கும் ஒரு கதை உண்டு, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சூரிய சித்தாந்தத்தின் கணக்கில் ஒரு நாள் 60 நாடி. நாடி என்றால் நாழிகை, இன்றைய 24 நிமிடம். முழுநாளும் என்று சொல்ல 'அறுபது நாழிகையும்' என்று பழைய தமிழில் எழுதுவார்களே, அது இந்தக் கணக்குதான். ஒரு நாடியை அறுபதாகப் பிரித்தால் விநாடி, அதாவது இன்றைய 24 விநாடி. பின்னால் ஐரோப்பிய மணிக்கணக்கு வந்தபோது சொல்லை வைத்துக்கொண்டு அளவை மாற்றிவிட்டோம். ஒரு காலத்து விநாடிக்குள் இன்றைய விநாடிகள் 24 அடங்கும். ஒரு நாளை 24 மணியாக்கி அப்புறம் அறுபதால் வெட்டுவது ஒரு வழி, அந்த நாளையே நேராக அறுபதால் வெட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் சுத்தமான அறுபது என்பது என் கட்சி.

அதே கணக்கில் விநாடியை ஆறாகப் பிரித்தால் ஒரு பிராணன், ஒரு மூச்சு, 4 விநாடி நேரம். ஒரு நாளுக்கு எத்தனை மூச்சு? 60 × 60 × 6 = 21,600. இந்த எண்ணைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், மூச்சுப் பயிற்சி பற்றி யார் பேசினாலும் வரும். இப்போது வட்டத்துக்கு வாருங்கள்: 360 பாகை, பாகைக்கு 60 கலை, மொத்தம் 21,600 கலை. ஒன்றுதான்! பூமி ஒரு மூச்சு நேரத்தில் ஒரு கலை சுற்றுகிறது. இன்னும் இருக்கிறது. பூமியின் பரப்பில் ஒரு கலைக்கு உரிய தூரம்தான் கடல் மைல். 1929-இல் அதை 1852 மீட்டர் என்று நிலைப்படுத்தினார்கள். ஆக, பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 21,600 கடல் மைல். நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர் ஒரு மூச்சு விடுவதற்குள் ஏறத்தாழ ஒரு கடல் மைல் கிழக்கே போயிருப்பார்.

இந்த இடத்தில்தான் பலர் கைகூப்பிவிடுகிறார்கள். நான் கொஞ்சம் கணக்குப் பார்க்கச் சொல்வேன். மூச்சுகளை எண்ணிப் பார்த்து 21,600 வந்து, அது வட்டத்தின் கலையோடு தற்செயலாகப் பொருந்தியிருந்தால் அது அதிசயம். நடந்தது அது இல்லை. வானம் ஒரு கலை நகரும் நேரத்தை ஓர் அலகாக எடுத்து அதற்கு 'மூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது 4 விநாடி என்பதால் நிமிடத்துக்கு 15 மூச்சு ஆகிறது, ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவார், பெயர் பொருந்திவிட்டது. கெட்டிக்காரத்தனம் அலகைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. கடல் மைலும் இப்படித்தான், வட்டத்தின் அறுபதுக்கு ஏற்ப வெட்டிய அளவு. இவை மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால்தான் ஒரே ஜாடை.

அந்த ஒரு கலை கண் மருத்துவரிடமும் இருக்கிறது. 1862-இல் டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வடிவமைத்த எழுத்துப் பலகையில், 6 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் 5 கலை, எழுத்தில் ஒரு கோட்டின் தடிமன் 1 கலை. அளந்தால் எழுத்து 8.7 மில்லிமீட்டர் சொச்சம். நல்ல பார்வை என்றால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்க முடிவது என்று இதற்குப் பொருள். அதனால்தான் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர் காட்சி) கருவிகளைப் பற்றிப் பேசும்போது பாகைக்கு 60 பிக்சல் என்பதை எட்ட வேண்டிய இலக்காகச் சொல்கிறார்கள்.

அறுபதைக் கடிகாரத்திலிருந்து துரத்த ஒரு முறை நிஜமாகவே முயன்றார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 விநாடி என்று சட்டம் போட்டார்கள். இரண்டு முறையையும் காட்டும் கடிகாரங்கள்கூடச் செய்யப்பட்டன. 1795 ஏப்ரலில் இதைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுத்தி வைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், மீட்டரையும் கிராமையும் கொண்டுவந்த அதே சட்டத்தில்தான் இந்த நிறுத்தமும் இருக்கிறது. நீளத்திலும் எடையிலும் ஊருக்கு ஊர் அளவு வேறுபட்டதால் பத்தின் முறைக்கு வரவேற்பு இருந்தது. நேரத்தில் அந்தக் குழப்பமே இல்லை, எல்லோரிடமும் ஒரே அறுபது. தீராத தலைவலி எதுவும் இல்லாத இடத்தில் மருந்து விலைபோகவில்லை. வட்டத்தை 400 ஆகப் பிரித்த 'கிரேட்' என்ற அலகு மட்டும் அந்தக் காலத்து நினைவாக அறிவியல் கால்குலேட்டர்களில் ஒரு பொத்தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் அதை அழுத்திவிட்டு சைன் 30 ஏன் பாதி வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

சரி, அடுத்த வீட்டுக்குப் போவோம். ஆண்டுகளின் அறுபது. சீனர்களிடம் 10 'தண்டு'களும் 12 'கிளை'களும் உண்டு. இரண்டு பற்சக்கரங்களைப் போல அவை ஒன்றாகச் சுழலும், முதல் தண்டோடு முதல் கிளை, இரண்டாவதோடு இரண்டாவது, இப்படியே போய் 10 முடிந்ததும் தண்டு முதலுக்குத் திரும்பும், கிளையோ 11-இல் நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தொடக்கத்துக்கு வர 60 அடி ஆகும், 10-க்கும் 12-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60 என்பதால். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் அரச மரபுக் காலத்து எலும்புகளில் நாட்களை எண்ணவே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆண்டுக்கு வந்தது பிற்பாடு. 1911 புரட்சிக்கு சீன மொழியில் 'சின்ஹாய்' புரட்சி என்று பெயர், அந்த ஆண்டின் சக்கரப் பெயர் அது. அடுத்த சின்ஹாய் 1971, அதற்கடுத்தது 2031.

தமிழ் ஆண்டுகளின் அறுபது வானத்திலிருந்து வந்தது. வியாழன் ஒரு ராசியைக் கடக்கும் காலம் ஏறக்குறைய ஓர் ஆண்டு, 12 ராசி ஒரு சுற்று, ஐந்து சுற்று 60. துல்லியமாகப் பார்த்தால் ஒரு ராசிக்கு 361 நாள்தான் ஆகிறது, ஆகவே 85 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பெயரைத் தாண்டிப் போக வேண்டும். வட இந்தியக் கணக்கில் அதைச் செய்கிறார்கள், தெற்கே விட்டுவிட்டார்கள், அதனால்தான் ஒரே ஆண்டுக்கு வடக்கே ஒரு பெயர், தெற்கே ஒரு பெயர். சனியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுவை. வியாழனின் ஐந்து சுற்று 59.3 ஆண்டு, சனியின் இரண்டு சுற்று 58.9 ஆண்டு. இருவரும் ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒரு முறை வானத்தில் சந்திப்பார்கள், மூன்றாவது சந்திப்பு பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும். 2020 டிசம்பர் 21 அன்று இரண்டும் ஒட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள், 1961-இல் அவை சந்தித்ததும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். இரண்டும் சார்வரி ஆண்டு.

பாபிலோன், சீனம், வியாழன் என்று மூன்று வீட்டிலும் ஏன் ஒரே எண்? எனக்குப் படுவது இது: மனிதனுக்கு விரல் ஒரு கையில் 5, இரண்டு கையில் 10. ஓர் ஆண்டுக்கு நிலா 12 முறை முழுதாகும், சொச்சம் கொஞ்சம் மிஞ்சும். விரலால் எண்ணும் பழக்கமும் நிலாவால் எண்ணும் பழக்கமும் எங்கே கைகோத்தாலும், யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமலே, விழும் முதல் பொது எண் 60. இதைத்தான் தூரத்துச் சொந்தம் என்றேன்.

மின்சாரத்தின் அறுபதுக்கு இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1890-களில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர்கள் அதற்கு முன் இருந்த 133 சொச்சம் ஹெர்ட்ஸைக் குறைக்க நினைத்தார்கள், மோட்டாருக்கு அது அதிகம். ரொம்பக் குறைத்தால் விளக்கு மினுக்கும். நடுவில் 60-இல் நின்றார்கள். ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 50-இல் நின்றது. ஜப்பானில் டோக்கியோ ஜெர்மன் இயந்திரத்தையும் ஒசாகா அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதால் இன்றும் நாட்டின் கிழக்கு 50, மேற்கு 60. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் விழுந்தபோது மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 1 கிகாவாட் மட்டும்தான்.

ஆனால் பெயர் ஒற்றுமையும் சில சமயம் சம்பந்தத்தில் முடியும். அமெரிக்கத் தொலைக்காட்சி, மின்சாரத்தின் இரைச்சல் திரையில் நகரும் பட்டையாகத் தெரியாமல் இருக்க, விநாடிக்கு 60 அரைப்படம் என்று வைத்துக்கொண்டது. 1953-இல் வண்ணம் வந்தபோது வண்ணச் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் உரசாமலிருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 59.94 ஆக்கினார்கள். முழுப்படமாகச் சொன்னால் 30-க்குப் பதில் 29.97. இதனால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எண்ணிக்கைக்கும் கடிகாரத்துக்கும் 108 படம், அதாவது 3.6 விநாடி இடிக்கும். தீர்வு என்ன தெரியுமா? ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு பட எண்களை விட்டுவிட்டு 02-இலிருந்து எண்ணுவது (படம் போகாது, எண் மட்டும்தான் போகும்), ஆனால் பத்தாவது நிமிடம் தோறும் விடாமல் எண்ணுவது. 60 நிமிடத்தில் அப்படி 6 போக 54, ஆளுக்கு இரண்டு, 108. வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நேர எண்ணின் கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி தெரிந்தால் இந்தக் கணக்கு ஓடுகிறது என்று பொருள்.

கோபால்ட்-60 சுத்தமான பெயர் ஒற்றுமை. 27 புரோட்டானும் 33 நியூட்ரானும் கூட்டினால் 60, அவ்வளவுதான். கார்பன் பந்து அப்படி இல்லை. 1985-இல் க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் அவர்கள் குழுவினரும் கண்டறிந்த அந்த மூலக்கூறு (மூவருக்கும் 1996-இல் வேதியியல் நோபல்) பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தின் வடிவம், 12 ஐங்கோணம், 20 அறுகோணம், மூலைகள் 60. அந்தப் பந்தை அது பழையபடியே தெரியும் விதமாகச் சுழற்றி வைக்க எத்தனை வழி என்று எண்ணினால் அதுவும் 60. ஓர் அணுவைப் பிடித்துக்கொண்டு, அதை எந்தெந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் இடம், 60 சுழற்சிக்கு 60 அணு. அந்தச் சுழற்சிகளின் குலம்தான் (கணிதத்தில் 'குரூப்' என்று சொல்லும் தொகுப்பு), ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்குப் பொதுச் சூத்திரம் இல்லாமல் போனதற்கும் காரணம். இரண்டால், மூன்றால், ஐந்தால் சமச்சீரான ஒன்று அறுபதில் வந்து நிற்பதைப் பார்த்தால், களிமண் வில்லைக்காரருக்கு இது ஒன்றுவிட்ட பங்காளி என்று தயங்காமல் சொல்லலாம்.

கடைசியாக, விநாடிக்கே திரும்புகிறேன். 1967 முதல் விநாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வு, பூமியின் சுழற்சியோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. பூமியோ கொஞ்சம் சீரற்றுச் சுற்றுகிறது. இரண்டையும் ஒட்டவைக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள், இதுவரை 27 முறை. கணினிகளுக்கு அது பெருந்தொல்லை, 2012-இல் சேர்த்தபோது பல இணையதளங்கள் முடங்கின. 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திக்கொள்வது என்று 2022-இல் பன்னாட்டு அளவியல் மாநாடு முடிவெடுத்துவிட்டது. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 அன்று. அன்று உலகப் பொதுநேரம் காட்டும் கடிகாரங்கள் 23:59:59-க்கு அப்புறம் 00-க்குப் போகவில்லை, ஒரே ஒரு விநாடிக்கு 23:59:60 என்று காட்டின.